பழைய லான்சருக்கு ஜப்பான் முகப்பு: போல்ட்டா, கிரைண்டரா?

மிட்சுபிஷி லான்சர் கார் வைத்திருக்கிறவர்கள் பலருடைய மனசுக்குள் ஒரு ‘இவோ’ ஓடிக்கொண்டே இருக்கும். டொமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலி ஓட்டுநர் பட்டம் வாங்கியது அந்த லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக இவோ, வரிசைக் கார்களில்தான். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் கட்டி விற்கத் தொடங்கிய நம்ம லான்சரும் அதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால் வண்டியின் முன்பக்கம் அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நாளில், “எப்படியும் செலவு செய்யத்தானே போகிறோம், ஜப்பான் முகப்பையே வரவழைத்து மாட்டிவிடலாமே” என்று தோன்றுவது இயல்பு.

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அத்தை மகனுக்கு இப்போது அந்த நிலைமைதான். 2003 மாடல் பெட்ரோல் லான்சர், 1468 சிசி, டிஎன் 75 பதிவு. களியக்காவிளைப் பக்கம் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டிப்பர் ஒன்று பார்க்காமல் பின்னால் எடுத்ததில் பம்பர் இரண்டாகப் பிளந்துவிட்டது. கிரில் போச்சு. இடது ஹெட்லைட்டை வண்டியோடு மாட்டுகிற காதுகள் இரண்டும் உடைந்து, விளக்கு ஒயரில் தொங்கியது. பானெட்டின் மூக்கு மடங்கியிருக்கிறது. நல்லவேளை, ரேடியேட்டர் தப்பியது. “அண்ணே, இவோ மூஞ்சி வைக்கட்டா?” என்று அன்று ராத்திரியே போன் செய்துவிட்டான்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஜப்பானிலிருந்து அசல் இவோ முகப்பு, தைவானில் செய்த புதுப் பாகங்கள், இங்கேயே ஃபைபரில் அச்செடுத்த நகல், இல்லாவிட்டால் பழைய லான்சர் பாகங்களையே தேடிப் பிடித்து வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நான்கையும் விலையை வைத்து ஒப்பிடத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். நான் வேறு ஒரு அளவுகோலை வைத்திருக்கிறேன். அந்த வழி ஸ்பேனரோடு முடிகிறதா, கிரைண்டரைக் கேட்கிறதா? போல்ட்டில் மாட்டியதை நாளைக்குக் கழற்றிவிடலாம். வெட்டிய இரும்பு வெட்டியதுதான். இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரியது.

எந்த இவோ?

இவோ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் நம்ம வண்டிக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்கவை 4, 5, 6 ஆகிய மூன்று மட்டும்தான். இவோ 1 முதல் 3 வரை அதற்கு முந்தைய தலைமுறை லான்சரின் உடம்பு. மலேசியாவின் புரோட்டான் வீரா அந்த உடம்பில் வந்த கார் என்பதால் அங்கே இவோ 3 பம்பர்களுக்கு நல்ல சந்தை உண்டு. கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா “இவோ பம்பர் கிடைச்சிருக்கு, அனுப்பட்டா?” என்று படம் அனுப்பினால், தொண்ணூறு சதவீதம் அது வீராவுக்கானதாகத்தான் இருக்கும். நம்ம லான்சரில் அது உட்காராது. அதே மாதிரி இவோ 7, 8, 9 பிந்தைய உடம்பு. இந்தியாவில் 2006-ல் வந்த லான்சர் செடியாவின் குடும்பம். விற்பவரிடம் சேசிஸ் எண்ணைக் கேளுங்கள். சிஎன்9ஏ என்று தொடங்கினால் இவோ 4. சிபி9ஏ என்றால் 5 அல்லது 6. வேறு எது சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம்.

இந்த மூன்றிலும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். 1996 ஆகஸ்டில் வந்த இவோ 4-ன் அகலம் 1690 மில்லிமீட்டர். நம்ம லான்சரும் அதே அகலம்தான். ஜப்பானில் 1.7 மீட்டர் அகலத்துக்குள் இருந்தால் சிறிய கார் வகுப்பு, தாண்டினால் அடுத்த வகுப்பு. அந்த வரம்புக்குள் நிற்கத்தான் பல கார்கள் 1690, 1695 என்று முடியும். 1998 ஜனவரியில் வந்த இவோ 5 அந்த வரம்பை உடைத்து 1770-க்குப் போனது. அடுத்த வருஷம் வந்த இவோ 6-ம் அப்படியே. பக்கத்துக்கு 40 மில்லிமீட்டர் கூடுதல். அடித்தளம் ஒன்றே என்பதால் அந்த அகல ஃபெண்டர்களும் நம்ம போல்ட் இடங்களில் உட்காரும், அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் தோள் விரிந்து நிற்க, பின்பக்கம் பழைய ஒல்லி உடம்பாக இருக்கும். சக்கரம் ஃபெண்டருக்குள் பதுங்கிக் கிடக்கும். அதைச் சரிசெய்ய சக்கரத்தை வெளியே தள்ளுகிற ஸ்பேசர், அகல ரிம், அப்புறம் பின் ஃபெண்டரை அறுத்து அகலப்படுத்துவது என்று கிரைண்டர் வந்து நிற்கும். இவோ 6 முகம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த வண்டிக்கு அது வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

ஆக, போல்ட்டோடு முடியக்கூடியது இவோ 4 ஒன்றுதான். அதிலும் பம்பரை மட்டும் வாங்கிப் பயனில்லை. பம்பரின் மேல் விளிம்பு அந்த வண்டியின் விளக்கு, கிரில், பானெட் இவற்றோடு சேர்த்து வரைந்த கோடு. நம்ம விளக்கையும் பானெட்டையும் வைத்துக்கொண்டு அசல் பம்பரை மட்டும் மாட்டினால் விரல் நுழைகிற இடைவெளி விழும். மொத்த செட்டாக வாங்க வேண்டும். அதைத்தான் விற்பவர்கள் ‘நோஸ் கட்’ என்கிறார்கள். என்ஜினோடு பாதி வண்டியை அறுத்து அனுப்பினால் ‘ஹாஃப் கட்’.

இங்கே ஒரு சின்ன விலகல். எல்லாப் பழைய வண்டிக்கும் ஜப்பான் முகப்பு கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1998-ல் வந்த ஹோண்டா சிட்டி ஆசியச் சந்தைக்காகவே உருவான கார், ஜப்பானில் அது விற்பனைக்கே இல்லை. மாருதி ஜென்னுக்கு ஜப்பானில் செர்வோ மோட் என்று ஒரு உறவு உண்டு. ஆனால் அது ஜப்பானின் மிகச் சிறிய கார்களுக்கான கெய் வகுப்பு. அந்தக் காலத்தில் அந்த வகுப்புக்கு அகல வரம்பு 1.40 மீட்டர். ஜென் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் அகலம். பம்பரை நீட்டவா முடியும்? அந்த வகையில் லான்சர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விளக்கு

ஜப்பான் பாகங்களில் எனக்கு உண்மையான மதிப்பு இருப்பது விளக்கில். ஜப்பானிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். டிம் போட்டால் ஒளி இடது ஓரத்தில் ஏறி, எதிரே வருகிறவன் பக்கம் தாழ்ந்திருக்கும். நாகர்கோவில் – களியக்காவிளை சாலையை ராத்திரியில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இடது ஓரத்தில் நடந்து போகிறவர், பின்விளக்கு இல்லாத சைக்கிள், திடீரென்று நிற்கிற ஆட்டோ, எல்லாம் அந்த இடது ஒளியில்தான் தெரியவேண்டும்.

இங்கேதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. நமக்கு ஜப்பானைவிட ஷார்ஜா பக்கம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஷார்ஜாவில் பழைய கார்ப் பாகங்களுக்குப் பெரிய சந்தையே உண்டு. ஒரு ஜோடி ஹெட்லைட் என்றால் துணிமணிகளுக்கு நடுவில் சுற்றி, திருவனந்தபுரம் விமானத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று மச்சான் சொல்வார். சொல்வது சரிதான். ஆனால் வளைகுடாவில் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே ஓடிய காரின் விளக்கு வலது பக்கம் தூக்கியடிக்கும். நம்ம ரோட்டில் அது எதிரே வருகிற பஸ் டிரைவரின் கண்ணில் நேராகப் போய்க் குத்தும். இடது ஓரம் இருட்டாகவே கிடக்கும். ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்யலாமா என்றால் முடியாது. ஸ்குரூ மொத்த ஒளியையும் ஏற்றி இறக்கும், பக்கவாட்டில் நகர்த்தும். எந்தப் பக்கம் சாய்வு என்பது விளக்கின் உள்வடிவத்திலேயே தீர்மானமாகிவிட்டது. ஷார்ஜாக் கடைக்கு ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக வந்த விளக்கும் உண்டு. அது நமக்குச் சரி. ஒரே தட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டு முத்திரை உள்ள பல விளக்குகளில் கண்ணாடியின் கீழே சிறிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு இருக்கும். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடது பக்கச் சாலைக்கானது. அம்பே இல்லையென்றால் வலது பக்கச் சாலைக்கானது. ஜப்பானுக்குள் மட்டும் விற்ற பழைய விளக்குகளில் இந்தக் குறி இல்லாமலும் இருக்கும், அப்போது சுவர்ச் சோதனைதான். ஒரு பேட்டரியை வைத்து பல்பை எரியவிட்டு, சுமார் எட்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். வலது பாதியில் ஒளியின் மேல்விளிம்பு நேர்கோடாக இருந்து, இடது பாதியில் மேலே ஏறினால் வாங்கலாம். மச்சான் கடை வாசலில் நின்றபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் போதும்.

விளக்கின் காதுகளையும் பின்பக்கத்தையும் தனியாகப் படம் கேட்டு வாங்குங்கள். கழற்றும்போது முதலில் உடைவது காதுதான். கால் நூற்றாண்டு வெயில் பட்ட பிளாஸ்டிக் முகம் மஞ்சளாக இருந்தால் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். உள்ளே வெள்ளிப் பூச்சு கருத்துப்போயிருந்தால் மருந்து இல்லை. கனெக்டர் நம்ம ஒயரிங்கோடு ஒத்துவராமல் போகலாம், அதனால் பழைய வண்டியில் அறுத்தெடுத்த கனெக்டரோடு சேர்த்து ஒரு சாண் ஒயரும் கேளுங்கள். அதை ரிலே வைத்து இணைப்பது நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

இங்கே வந்து சேர

விளக்கு பெட்டிக்குள் அடங்கும், பம்பர் அடங்காது. கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது அவர்கள் கணக்கில் எடை. 170-க்கு 50-க்கு 40 என்று ஒரு பம்பர் பெட்டியை எடுத்துக்கொண்டால் 68 கிலோ! கையில் தூக்கினால் ஐந்தாறு கிலோகூட இருக்காது. ஜப்பான் ஏலத் தளங்களில் பம்பர் மலிவாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். பானெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கப்பலில் மற்றவர்கள் சரக்கோடு கலந்து வந்தால் மலிவு. ஆனால் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ இறக்கி, கஸ்டம்ஸ் ஏஜென்ட் வைத்து எடுக்க வேண்டும். விழிஞ்ஞம் நமக்குக் கூப்பிடு தூரம்தானே என்று அத்தை மகன் கேட்டான். அங்கே பெரும்பாலும் பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குப் பெட்டி மாற்றும் வேலைதான் நடக்கிறது.

சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்வது நம்ம வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்டது, அதற்கு முன்அனுமதி தேவை. தனி ஆள் ஒரு நோஸ் கட்டுக்காக அந்த வழியில் போவது காரியமாகாது. அதனால் பலரும் மும்பை, டெல்லி வியாபாரிகளிடம் ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட சரக்கை வாங்குகிறார்கள். வாங்குங்கள், ஆனால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். “பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்” என்கிற ஆளிடம் சரக்கு எப்படி வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவோ 4 விலை ஏறிக்கிடப்பதற்கு இன்னொரு காரணம் அமெரிக்கா. 25 வருஷம் ஆன காரை அங்கே தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம் என்று ஒரு விதி. 2021 ஆகஸ்டிலிருந்து இவோ 4 அந்த வயதைத் தாண்டிவிட்டது. முன்பு பாகம் பாகமாகப் பிரித்து விற்கப்பட்ட வண்டிகளுக்கு இப்போது முழு வண்டியாகவே கிராக்கி. உடைக்கிற வண்டி குறைந்தால் நோஸ் கட்டும் குறையத்தானே செய்யும்.

அப்புறம் அந்த அலுமினிய பானெட். இவோவில் எடை குறைக்க பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். ராலிக்கு நல்லது. கடற்கரைக்கு அவ்வளவு நல்லதல்ல. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கீல் போல்ட்டைச் சுற்றி பெயின்ட் கொப்பளித்து, வெள்ளைப் பொடியாக உதிரும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் வண்டி நிற்கும் வீடு என்றால் நிச்சயம் பார்ப்பீர்கள். மார்த்தாண்டத்தில் கொஞ்சம் தாமதமாக வரும். கீலுக்கும் பானெட்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் வைத்து, போல்ட்டில் கிரீஸ் தடவி மாட்டினால் தள்ளிப்போடலாம். இன்னொன்று, நெளிந்தால் நம்ம டிங்கர்கள் இரும்பைத் தட்டுவதுபோல் அலுமினியத்தைத் தட்ட முடியாது. அது நீண்டுபோகும், சில சமயம் விரிசல் விடும். அதற்குக் கை பழகிய ஆளைத் தேட வேண்டும்.

ஃபைபர் நகல்

கோவைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. குளச்சலிலிருந்து சின்னமுட்டம் வரை கடற்கரை நெடுக ஃபைபர் வள்ளம் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடியிழை மேட், அதை ஒட்டும் ரெசின், இறுக வைக்கும் ஹார்ட்னர் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவோ பம்பர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி அச்செடுத்தால் போதும், எத்தனை வேண்டுமானாலும் ஊற்றலாம். உடைந்தால் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் வள்ளம் வேறு, பம்பர் வேறு. வள்ளக்காரர் கை அலையைத் தாங்குவதற்குப் பழகிய கை. கனமாகப் போட்டுவிடுவார். பத்துப் பன்னிரண்டு கிலோ பம்பர் காதுகளை இழுத்து உடைக்கும், ஓரம் தொங்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் இருக்கிற மேட் இரண்டு அடுக்கு போதும். போல்ட் வருகிற இடங்களில் மட்டும் மூன்று அடுக்கு, நடுவில் ஒரு துண்டு அலுமினியப் பட்டை. இதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் அதிகம் விட்டால் சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெடிக்கும். மழைக் காலத்தில் செய்யச் சொல்லாதீர்கள், நமக்குத்தான் வருஷத்தில் இரண்டு மழைக் காலம் ஆயிற்றே. அச்சிலிருந்து எடுத்த பம்பரை ஒரு வாரமாவது வெயிலில் போட்டு ஆறவிட்ட பிறகு பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் மேட்டின் இழை பெயின்டுக்கு மேலே கோடு கோடாகத் தெரியும்.

தக்கலையில் எனக்குத் தெரிந்த டிங்கர் மேஸ்திரி ஒருவர் ஃபைபர் பம்பரைக் கண்டாலே முகம் சுளிப்பார். “மக்கா, பிளாஸ்டிக்கு வளையும், இரும்பு நெளியும், இது உடையத்தான் செய்யும்” என்பார். உண்மைதான். பைக் வந்து லேசாக இடித்தாலே கண்ணாடிச் சில்லு மாதிரி உதிர்கிறது. அதனால் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தைக் கழற்றவோ அறுக்கவோ விடாதீர்கள். அடி வாங்குவது அந்தச் சட்டம்தான், பம்பர் வெறும் தோல். பல ஃபைபர் பம்பர்கள் உள்ளே இடம் போதாமல் “சட்டத்தைக் கொஞ்சம் அறுத்துக்கலாம்” என்று மாட்டப்படுகின்றன. கிரைண்டர் என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

இங்கே அச்செடுப்பவர்கள் மேல் விளிம்பை நம்ம விளக்குக்கும் பானெட்டுக்கும் தோதாக மாற்றித்தான் செய்வார்கள். எனவே அது இவோ இல்லை, இவோ ஜாடை. விளக்கு மாற்ற வேண்டாம், பானெட் மாற்ற வேண்டாம், அதனால் எனக்கு இதில் ஆட்சேபணை குறைவு. ஃபைபர் பானெட் மட்டும் கூடவே கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றில் ஒருதரம் வேகமாகப் போய்ப் பாருங்கள், அது துடிக்கிற துடிப்பில் காலைத் தானாக எடுத்துவிடுவீர்கள்.

இவோ பம்பரின் வாய் பெரியது. அசலில் அதற்குப் பின்னால் டர்போவின் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் இருக்கும். நம்ம 1.5 லிட்டர் வண்டியில் இருப்பது ஏசி கண்டென்சர் மட்டும். டிப்பருக்குப் பின்னால் போனால் ஜல்லி நேராக அதில் அடிக்கும், ஆகவே உள்ளே கம்பி வலை கட்டாயம். கீழ் உதடும் தாழ்ந்து வரும். ரோட்டிலிருந்து சரிந்து இறங்குகிற வீட்டு வாசல்கள் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் எத்தனை! வாசலில் தினமும் இரண்டு முறை உரசல் கேட்கும். நம்பர் பிளேட்டுக்கும் ஒரு பாடு உண்டு. ஜப்பான் பலகை 330-க்கு 165 மில்லிமீட்டர், நம்ம கார்களில் வழக்கமான நீளப் பலகை 500-க்கு 120. அசல் அச்சு என்றால் அந்தக் குழியில் நம்ம பலகை உட்காராது. இவோ 6-ல் பலகையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள், காற்று உள்ளே போக. போலீஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தைவான் பாகங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விளக்குக்கு நல்ல வழி. டெப்போ என்ற கம்பெனி போன்றவர்கள் பழைய வண்டிகளுக்கும் செய்கிறார்கள். முகம் தெளிவு, காது முழுசு, உள்பூச்சு புதுசு. இடது பக்கச் சாலைக்கானது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; ஒரே விளக்கை இரண்டு விதமாகவும் செய்வார்கள். பம்பர், கிரில் விஷயத்தில் கிளிப் இடங்கள் ஓரிரு மில்லிமீட்டர் தப்பும். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

எல்லையும் ஆர்டிஓவும்

இந்த மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவர் இரண்டு மாநிலத்தின் கண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்துக்காரர் நல்ல ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் திருவனந்தபுரம்தான் போவார். மாற்றியமைத்த வண்டிகளைக் கேரளாவின் மோட்டார் வாகனத் துறை பார்க்கிற விதம் நமக்குத் தெரியும். உற்பத்தியாளர் தந்த அடிப்படை வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் கேரளாவிலிருந்து போன வழக்குதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனியுங்கள். அகல ஃபெண்டர், வெளியே நீட்டிய சக்கரம் என்று தனித்தனியாக எண்ணிக்கொண்டே போக வழியிருக்கிறது.

அதே அகலத்தில், போல்ட்டில் மாட்டிய, ஒளி சரியாக விழுகிற ஒரு பம்பருக்கும் விளக்குக்கும் அவ்வளவு தொந்தரவு வருமா என்றால், என் அனுபவத்தில் வழியில் நிறுத்துகிறவர்கள் முதலில் கேட்பது கண் கூசும் விளக்கையும் சைலன்சரையும்தான். ஆனால் ஆர்டிஓ ஆபீசில் கதை வேறு. தனியார் கார் பதிவு 15 வருஷம், அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2003 வண்டிக்கு 2018, 2023 முடிந்துவிட்டன, அடுத்தது 2028. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார். அன்று எது மாட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்து பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களும் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

அத்தை மகனுக்குச் சொன்னது

ஜப்பான் நோஸ் கட் யாருக்கு? வண்டியைத் தினம் எடுக்காதவர், உள்ளே நிறுத்த மூடிய ஷெட் இருப்பவர், இவோ 4 முழு செட்டும் பில்லோடு கிடைக்கும்வரை ஒரு வருஷம்கூடக் காத்திருக்கத் தயாராக இருப்பவர். அப்படிப்பட்டவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பிளாஸ்டிக்கின் தரம், பொருந்துகிற அழகு, கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரே சீராக ஓடுகிற இடைவெளி எல்லாம் நகலில் வரவே வராது.

என் அத்தை மகன் அப்படி இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் இந்த வண்டிதான், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதும் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் மாதக்கணக்கில் நிறுத்த முடியாது. அதனால் இப்போதைக்கு பழைய லான்சர் பம்பரும் கிரிலும் தேடச் சொன்னேன். சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்தால் வரும், கேரளாவில் வண்டி உடைக்கிறவர்களிடமும் கிடைக்கும். விளக்கு மட்டும் இரண்டு பக்கமும் தைவான் புதுசு. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்று வைத்தால் ராத்திரியில் ஒளி இரண்டு நிறமாக விழும். பானெட் மூக்கைத் தட்டிக்கொள்ளலாம். இரும்புதானே, தக்கலை மேஸ்திரிக்கு ஒரு நாள் வேலை.

அவன் முகம் வாடிவிட்டது போனிலேயே தெரிந்தது. “அப்போ இவோ?” என்றான். பிளந்த பம்பரைத் தூக்கி எறியாமல் வை என்றேன். அதை ஒட்டி, குளச்சலில் ஃபைபர் ஆளிடம் கொடுத்து, போல்ட் இடங்களின் அளவுக்கு வைத்துக்கொண்டு இவோ ஜாடையில் ஒன்று ஊற்றச் சொல்லலாம். மழை விட்டபிறகு, அவசரமில்லாமல். உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தைத் தொடாமல், விளக்கைத் தொடாமல், பத்து போல்ட்டில் மாட்டுகிற மாதிரி. 2028-ல் ஆர்டிஓ ஆபீசுக்குப் போகிற வாரம் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு லான்சர் பம்பரை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பரணில் நீளமாக ஐந்தரை அடி இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் அனுமதி வாங்குவது அவன் பாடு.